இந்தக் கிழமை என்ன படிக்கினம்?

நோர்வேயில் பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள வீடுகளில் பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உக்கெபிளான். அதாவது கிழமைத் திட்டம். இப்ப கனக்கப் பள்ளிக்கூடங்கள் அதை ஐபாட்டிலேயே அனுப்பிவிடுகின்றன. பாடநேரம், வீட்டுப்பாடம், நீச்சலுடுப்புக் கொண்டுவர வேண்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். இவற்றோடு ஒவ்வொரு பாடத்திலும் இந்தக் கிழமை பிள்ளை எதை விளங்கிக்கொள்ள வேணும் என்று இரண்டொரு வரியும் இருக்கும். எங்கட பெற்றோரில் கனபேர் நீச்சலுடுப்பை மட்டும்தான் பார்க்கினம்.

காரணம் தெரிந்ததுதான். இங்கே 7ஆம் வகுப்பு மட்டும் புள்ளி கிடையாது, 8இல்தான் தொடங்கும். “மார்க்ஸ் இல்லையெண்டா உதென்ன படிப்பு?” என்று கேட்காத தமிழ் வீடு குறைவு. 5ஆம் வகுப்பு என்றால் எங்களுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைதான் ஞாபகம். இங்கேயும் 5இல் வாசிப்பு, ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் நாடு முழுக்க ஒரு சோதனை உண்டு. ஆனால் வருவது மூன்று படிகளில் எந்தப் படி என்பது மட்டும்தான். அதனால் எங்கட சனம் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும்.

ரியூசன் பிழை என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பயம் வேறு. 10 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில்தான் பிள்ளைக்குப் பெரிய சொற்கள் வருகின்றன: பின்னம், ஆவியாதல், சனநாயகம், குடிப்பெயர்வு. எல்லாம் நொஸ்க்கில் வருகின்றன. வீட்டில் தமிழ் “சாப்பிட்டியா, குளிச்சியா, ஐபாட்டை வை” என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பிள்ளை யோசிக்கிற விசயம் ஒன்றையும் எங்களோடு தமிழில் கதைக்க ஏலாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இதை ஈடுகட்டும் என்று நம்புவது அந்த ஆசிரியர்களுக்குச் செய்கிற அநியாயம்.

இத்தனைக்கும் நாங்கள் ஓஎல் மட்டும் விஞ்ஞானம், கணக்கு எல்லாம் தமிழிலேயே படித்த ஆக்கள். தாளில் ‘ஃபோத்தோசிந்தேசெ’ என்று இருந்தால் அது ஒளித்தொகுப்பு. (தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ஒளிச்சேர்க்கை. எதையாவது சொல்லுங்கோ.) நொஸ்க் வடிவாக வராது என்பது இங்கே ஒரு சாட்டே இல்லை. துப்புரவு வேலை முடிந்து பத்து மணிக்கு வருகிற தாய்க்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு கிழமைக்கு ஒரு சொல்லாவது?

இன்னொன்று, கணக்கில் சண்டை பிடிக்காதேயுங்கோ. இங்கே வகுத்தலுக்கு இரண்டு புள்ளி, பெருக்கலுக்கு ஒரு புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. “இப்பிடியோ எழுதுறது?” என்று தகப்பன் ஒருக்கால் கத்தினால் பிள்ளை அடுத்தமுறை கொப்பியைக் கொண்டுவராது.

பெப்ரவரி 6 அண்டிய கிழமையில் பல வகுப்புகளில் சாமி மக்களைப் பற்றிப் படிப்பிக்கிறார்கள். கோயில் சாமியை நினைக்காதேயுங்கோ, இது வடக்கில் வாழ்கிற ஆதிக்குடிகளின் பெயர். அந்தப் பிள்ளைகளின் மொழியைப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிவைக்க 1898இல் அறிவுறுத்தல் வந்தது. அந்த நோர்வேமயமாக்கலைப் பற்றி உண்மை ஆணைக்குழு 2023இல் அறிக்கை கொடுத்தது. நாடாளுமன்றம் 2024 நவம்பரில் மன்னிப்புக் கேட்டது. அதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளை, “உங்களையும் தமிழ் கதைக்கக் கூடாதெண்டு சொன்னவையோ?” என்று கேட்கும். இல்லை, நாங்கள் வகுப்பில் தமிழில்தான் படித்தோம், எங்கட கதை வேறு மாதிரி, 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது, அரச அலுவலில் தொடங்கியது என்று சொல்லவேணும். அரை மணித்தியாலம் போதும். ஆனால் இந்தக் கிழமை அந்தப் பாடம் நடக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேணும்.