பாராட்டிவிட்டால் போதுமா?



"முதலில் படிக்கிற வேலையைப் பார். ஊரைத் திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." நம் இல்லங்களில் இந்தச் சொல்லைக் கேளாத பிள்ளை உண்டா? குளத்தில் குப்பை கொட்டாதீர்கள் என்று சொல்லப்போன சிறுவனுக்கும் இதே பதில். மரத்தை வெட்டவேண்டாம் என்று மன்றாடிய சிறுமிக்கும் இதே பதில். நாம்தாம் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். நாடாளும் பெரியவர்களும் இதையேதான் கூறியிருக்கிறார்கள்.

2018 ஆகஸ்டில், ஸ்வீடன் நாட்டின் 15 வயது மாணவி கிரேட்டா துன்பர்க், பள்ளிக்குச் செல்லாமல் நாடாளுமன்றத்தின் வெளியே ஒரு பலகையுடன் தனியாக அமர்ந்தார். பூமி வெப்பமாகி வருவதைத் தடுக்க அரசு முன்வர வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. சில மாதங்களில் பல நாட்டு மாணவர்களும் வகுப்பைவிட்டு வெளியே வந்தனர். பள்ளிகளில் படிப்பு கூடட்டும், போராட்டம் குறையட்டும் என்று ஆஸ்திரேலியாவின் அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன் அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே பேசினார். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிச் சுற்றுச்சூழல் அமைச்சரோ, மாணவர்களைப் பின்னாலிருந்து யாரோ இயக்குவதாக உளவுத்துறையே தமக்குத் தெரிவித்தது என்றார். உளவுத்துறை அதை மறுத்தது. 2019 பிப்ரவரியில் அவர் பதவி விலக நேர்ந்தது. பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு கவலை இருக்கக்கூடும் என்று நம்புவது பெரியவர்களுக்கு ஏன் இத்தனை கடினம்?

ஜெர்மனியில் கிறிஸ்டியன் லிண்ட்னர் என்ற கட்சித் தலைவர், இது வல்லுநர்களின் வேலை என்றார். வல்லுநர்களே அவருக்கு மறுமொழி தந்துவிட்டனர்! மாணவர்களின் கவலை நியாயமானது, அதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு என்று 3 நாடுகளைச் சேர்ந்த 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வறிஞர்கள் 2019 மார்ச்சில் கையொப்பமிட்டு அறிவித்தனர்.

இளையோர் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதிட வரவில்லை. 2022 அக்டோபரில் இலண்டன் ஓவியக் கூடத்தில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின்மீது இரு இளம்பெண்கள் தக்காளி சூப்பை வீசினார்களே, அதை என்னால் ஏற்க இயலாது. கண்ணாடி இருந்ததால் ஓவியம் தப்பியது. பிள்ளைகள் முறை தவறும்போது கண்டிப்பது பெரியோர் கடமைதான். ஆனால், கேட்ட முறை தவறு என்று சொல்லிவிட்டுக் கேட்ட கேள்வியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கண்டிப்பைவிட எனக்கு அச்சம் தருவது பாராட்டு. 1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டில் செவர்ன் சுசுகி என்ற 12 வயதுக் கனடா நாட்டுச் சிறுமி பேசினார். தோழியருடன் தாமே பணம் திரட்டிக்கொண்டு சென்றிருந்தார். உலகப் பிரதிநிதிகள் உருகினார்கள், கரவொலி எழுப்பினார்கள். அன்று காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 356 பங்கு இருந்தது. 2024இல் அது 420ஐயும் தாண்டிவிட்டது. அந்தக் கரவொலியின் விலை என்னவென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நம் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியால் இயங்கும் துணி தேய்க்கும் வண்டியை வடிவமைத்தவர். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் தலைவர்களின் முன்னிலையிலேயே, வெற்று வாக்குறுதிகளால் தம் தலைமுறை கோபமுற்றிருப்பதாகக் கூறினார். தமிழ்நாடே பூரித்தது! எங்கள் தெருமுனையில் துணி தேய்ப்பவரின் பெட்டியில் இன்றும் கரிதான் கனன்றுகொண்டிருக்கிறது.

அப்படியானால் பெரியவர்கள் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு இருக்கிறது. மக்கள்தொகை 3 இலட்சம் அளவுதான். புயல்கள் அடிக்கடி சூறையாடும் மண் அது. 2019இல் அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்களுக்கு வகுப்பறையில் ஒரு யோசனை பிறந்தது. பூமியின் வெப்பம் கூடுவதைத் தடுக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டுவிட்டால் என்ன? ஆசிரியர் ஊக்கமளித்தார். இங்கே சற்று நிற்க வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாததைப் பேசாதே என்று அந்த ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

மாணவர்கள் பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டுப் பெறுமாறு ஐ.நா. பொதுச்சபை தீர்மானிக்க வேண்டும். மாணவர்களிடம் கேள்வி இருந்தது. பொதுச்சபையில் இருக்கை இல்லை. இருக்கை வைத்திருந்தவர்கள் பெரியவர்கள். வனுவாட்டு அரசு மாணவர்களை அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பிவிடவில்லை. 2021இல் அக்கேள்வியைத் தன் கேள்வியாகவே ஏற்று நாடு நாடாக ஆதரவு திரட்டியது. 2023 மார்ச் 29 அன்று, ஒரே மாதத்தில் இரு புயல்கள் அந்நாட்டைத் தாக்கியிருந்த நிலையில், பொதுச்சபை எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகக் கருத்துரைத்தனர்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறுவது சர்வதேசச் சட்டப்படி தவறு. இக்கருத்து எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. எனினும் வழக்காடப் போகிறவர்களின் கையில் இனி அது ஓர் ஆயுதம்.

எங்கள் மஹல்லாவிலும் மதரஸா மாணவர் நால்வர் ஒரு மனு எழுதினார்கள். திருமண மண்டபத்தில் வலீமா விருந்து முடிந்ததும் பிளாஸ்டிக் குவளைகளும் விரிப்புகளும் பக்கத்துக் குளத்தில்தான் சேர்கின்றன. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்கள்தாம் இவை. மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும்போதே இவை கூடாது என நிபந்தனை விதிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. எவர்மீதும் குற்றம் சுமத்தாமல் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நிர்வாகி ஒருவர் வாசித்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்ல பிள்ளைகள்!" என்று தட்டிக்கொடுத்தார். பிறகு மனுவை மடித்துப் பதிவேட்டின் அடியில் வைத்துவிட்டார்.

நிர்வாகக் கூட்டத்தில் மாணவர்கள் பேச முடியாது. சந்தா செலுத்தும் உறுப்பினர்களே பேசலாம். அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு மஃரிபுக்குப் பின் நடைபெறுகிறது. அந்த மனுவை வெளியே எடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறேன். தீர்மானமாக நான் முன்மொழிவேன். வழிமொழிய இன்னும் ஒருவர் தேவை.