கடற்படையில் பிள்ளை: 'எங்கே இருக்கே?' என்று கேட்கலாமா?

தம்பி ஏடன் வளைகுடாவில், போர்க்கப்பலில். வாட்ஸ்அப்பில் பத்து நாளாக ஒற்றை டிக். அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. இப்படிப்பட்ட வீடுகளில் விவரம் சொல்ல வேண்டியது நாம்தான்.

கடற்கொள்ளையரைத் தடுக்க 2008 அக்டோபர் முதல் இந்தியக் கடற்படை அங்கே ரோந்து போகிறது. நடுக்கடலில் செல்போன் டவர் கிடையாது. போதாததற்கு, உளவு விவகாரம் வெடித்த 2019 டிசம்பரில் கப்பல்களில் ஸ்மார்ட்போனுக்கே தடை வந்தது. அதனால் மௌனம் என்றாலே ஆபத்து இல்லை.

போன் வந்தால் 'எங்கே இருக்கே, எப்போ கிளம்புறீங்க?' வேண்டாம். அதைப் பெருமையாக ஸ்டேட்டஸில் போடவே வேண்டாம். அதே கப்பலில் இன்னும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் இருக்காங்க.

பேசாமல் கடிதம் எழுதச் சொல்லுங்க. கப்பல் பெயரும் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரியும் போதும். கப்பல் எங்கே என்று தெரிய வேண்டியதில்லை. லேட்டாகத்தான் சேரும். ஆனால் டியூட்டி முடிந்து பத்து முறை படிக்கலாமே!