காட்டிக்கொடுக்காத வாய்

கவிஞர்களைக் கொண்டாடும் உலகம், பிரசுராலயங்களில் குனிந்த தலை நிமிராமல் பிறருடைய எழுத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் பதிப்பாசிரியர்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இவ்விரு தொழில்களும் ஒருவரிடமே கூடியிருக்கும்போதுகூட, பரிசு பெற்ற கவிதைக்கு மாலை சூட்டிவிட்டு, அதற்குப் பயிற்சிக்களமாக இருந்த மேஜையை மறந்துவிடுகிறோம். தென்கொரியக் கவிஞர் கிம் ஹே-சூன் அம்மையாரின் விஷயத்தில் அந்த மறதி நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

1955-ல் உல்ஜினில் பிறந்து, 1979-ல் கவிஞராக அறிமுகமான அவர், ராணுவ ஆட்சி கோலோச்சிய நாட்களில் ஒரு பிரசுராலயத்தில் பணிபுரிந்தார். அச்சேற வேண்டிய பிரதிகளைத் தணிக்கை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டி மீட்டு வருவதும் அவர் வேலைகளில் ஒன்று. ஒரு சமயம் அவ்வாறு திரும்பி வந்த நாடகப் பிரதியில், தலைப்பும் ஆசிரியர் பெயரும் நீங்கலாக மற்ற வரிகளெல்லாம் கறுப்பு மையில் மூழ்கிப் போயிருந்தன. பின்னொரு நாள், ஒரு நூலை மொழிபெயர்த்தவர் இருக்குமிடத்தைக் கேட்டுப் போலீஸார் அவரை விசாரித்தார்கள். அவர் சொல்லவில்லை. கன்னத்தில் ஏழு முறை அறைந்தார்கள், அப்போதும் சொல்லவில்லை. வீடு திரும்பியபின், ஓர் அறைக்கு ஒரு கவிதையாக எழுதி வைத்தார்.

இது தைரியத்துக்குச் சாட்சியே தவிர, கவித்துவத்துக்கு எப்படிப் பிரமாணமாகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடை 2016-ல் வெளிவந்த அவருடைய 'மரணத்தின் சுயசரிதை'யில் இருக்கிறது. 2015-ல் சுரங்க ரயில் நிலையத்தில் தாம் மயங்கி விழுந்த அனுபவத்திலிருந்து பிறந்த அந்நூலில், இறந்தவரின் ஆத்மா மறுபிறவிக்கு முன் அலைவதாகப் பௌத்தர்கள் நம்பும் 49 நாட்களுக்கு, நாளொன்றுக்கு ஒன்றாக 49 கவிதைகள். முதல் நாளில், காலையில் வேலைக்குப் புறப்பட்ட பெண்ணொருத்தி ரயிலில் விழுந்து மடிகிறாள். உடலை அங்கேயே விட்டுவிட்டு, அவள் மட்டும் அப்பால் நகர்கிறாள். அவளை 'நீ' என்றே கவிதை அழைக்கிறது. 1980-ல் குவாங்ஜுவில் ராணுவத்தால் கொல்லப்பட்டவர்களும், 'இருக்குமிடத்திலேயே இருங்கள்' என்ற அறிவிப்புக்குக் கீழ்ப்படிந்து 2014-ல் சேவோல் கப்பலோடு மூழ்கிய பள்ளிப் பிள்ளைகளும் அந்த 'நீ'யில் அடக்கம். அக்கப்பலில் மாண்ட 304 பேரில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள்.

தான் முன்னே வந்து நிற்காமல், பிறருடைய வாக்கு சிதையாமல் வெளிவர இடம் பண்ணிக்கொடுப்பதே பதிப்பாசிரியரின் தர்மம் என்றால், மாண்டவர்களுக்கு இந்நூல் செய்திருப்பதும் அதுவே அல்லவா? உயிரோடிருந்த ஒருவரைக் காப்பாற்ற மூடிய வாய்தான், பேச முடியாதவர்களுக்காகப் பின்னாளில் திறந்தது. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்ற விவேகத்தை அவர் அந்த மேஜையில்தான் பயின்றிருக்க வேண்டும்.

2019-ல் கனடாவின் கிரிஃபின் கவிதைப் பரிசு இந்நூலின் ஆங்கில வடிவத்துக்குக் கிடைத்தபோது, அவர் பெயரோடு மொழிபெயர்ப்பாளர் டான் மீ சோயின் பெயரும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்குமிடத்தைச் சொல்லாமல் அடிபட்டவருக்கு, இன்னொரு மொழிபெயர்ப்பாளரின் பெயரை உலகம் உரக்கச் சொல்லக் கேட்டது, பரிசினும் பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.