அரண்மனையோடு முடிந்துவிடும் மைசூரு

தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வரும் குடும்பங்களின் பயணத்திட்டம் பெரும்பாலும் மாறுவதில்லை: அரண்மனை, சாமுண்டி மலை, விலங்குக் காட்சிச்சாலை, மாலையில் பிருந்தாவனம். பல்கலைக்கழகத்திற்கு அதில் இடமே இல்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிற்குச் செல்வோர் மலைக்கோட்டையோடு, 1386இல் தோன்றிய பல்கலைக்கழகத்தையும் பார்க்கிறார்கள். ஒழுங்கு மீறிய மாணவர்களை அடைத்துவைத்த அறைகள்கூட அங்கே காட்சிக்கு உள்ளன. மைசூரும் அத்தகைய நகரமே. நாம்தான் அதை அவ்வாறு காண்பதில்லை.

பழைய மர அரண்மனை 1897இல் தீக்கிரையானது. ஹென்றி இர்வின் வடிவமைத்த இன்றைய அரண்மனை 1912இல் நிறைவுற்றது. நான்கே ஆண்டுகளில், 1916இல், நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியிலேயே மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பிரித்தானியரின் நேரடி ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் அது. ஒரே மன்னரின் காலம் விட்டுச்சென்ற இரண்டில் ஒன்றை மட்டும் கண்டு திரும்புகிறோம்.

தமிழர்க்கு இங்கே தனி உறவும் உண்டு. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்த கிரந்த எழுத்துச் சுவடியைக் கொண்டே, சாம சாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தை 1909இல் பதிப்பித்தார். திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை இங்கே மெய்யியல் பேராசிரியராக இருந்தார். சங்கப் பாடல்களை ஆங்கில உலகிற்குக் கொண்டுசேர்த்த ஏ. கே. இராமானுஜன் இவ்வூரில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் பயின்றவர்.

சென்ற தசரா விடுமுறையில் என் பெற்றோர் வந்திருந்தனர். "இந்த ஊரில் நீ என்னதான் படிக்கிறாய்?" என்று அம்மா கேட்டார். விடையைக் காட்டவே ஓர் ஆய்வு நிறுவனத்திற்கு அழைத்துச் சென்றேன். வெளியாருக்கு அனுமதியில்லை என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள். காவலரைக் குறைகூற ஒன்றுமில்லை. பார்வையாளர் என்றொருவர் வரக்கூடும் என அந்நிறுவனம் எண்ணியதே இல்லை.

சுவடிகளுக்குப் பாதுகாப்பும் ஆய்வாளர்க்கு அமைதியும் வேண்டும் என்ற வாதம் நியாயமானது. ஆனால் மூலச் சுவடிகளைக் காட்ட வேண்டியதில்லை, நற்படிகள் போதும். ஓர் அறை, வாரத்தில் இரண்டு மணி நேரம், விளக்கிச் சொல்ல ஓர் ஆய்வு மாணவர், கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சில குறிப்புப் பலகைகள். இதற்குப் பெருநிதி எதுவும் தேவையில்லை.

இது வெறும் சுற்றுலா சார்ந்த கோரிக்கையன்று. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும்போதும், பேராசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாதபோதும் நமக்காகப் பேச வெளியே எவருமில்லை என வருந்துகிறோம். நாம் செய்வது இன்னதென்று கண்ணால் கண்டிராதவர்கள் எதற்காகப் பேச வேண்டும்? அரண்மனையைக் கண்டவர்க்கு அதைக் காக்க வேண்டும் என்பது தானே விளங்குகிறது. நூலகத்தைக் காணாதவர்க்கு அது வெறும் மதிற்சுவர்.

ஆய்வு மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மணி நேரத்தை உங்கள் துறைத்தலைவரிடம் எழுத்துவழி கேளுங்கள். விளக்கிச் சொல்லும் பொறுப்பை நாமே ஏற்போம். ஒரு சுவடி எவ்வாறு நூலாகிறது என்பதைத் தாய்க்குப் புரியும்படி சொல்லவியலாத ஆய்வேட்டை யாருக்காக எழுதுகிறோம்?