எண்ணும் உரிமை யாருக்கு?

மும்பைப் போக்குவரத்தைப் பற்றிய ஆய்வறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. தூண்களும் தடங்களும் பெட்டிகளும் அவற்றில் துல்லியமாக எண்ணப்படுகின்றன. பயணம் செய்பவரின் வாய்மொழிக்குத்தான் அங்கே இடமில்லை.

அதன் விலையைச் செம்பூர் அறியும். அங்கிருந்து வடாலா வரை 2014 பிப்ரவரியில் மோனோரயில் ஓடத் தொடங்கியது. 2019 மார்ச்சில் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. வல்லுநர் கணித்த கூட்டம் வரவில்லை. பெருமழையால் ஹார்பர் வழித்தட ரயில்கள் முடங்கிய 2025 ஆகஸ்ட் 19 அன்று கூட்டம் வந்தது. மைசூர் காலனி அருகே வண்டி அந்தரத்தில் நின்றது. நூற்றுக்கணக்கானோரைத் தீயணைப்புத் துறையினர் இறக்கி மீட்டனர். அடுத்த மாதம் 20ஆம் நாள் சேவையே நிறுத்தப்பட்டது.

இதே நகரம் வேறு வகை ஆய்வையும் கண்டிருக்கிறது. இருப்புப்பாதையை ஒட்டிக் குடிசைகள் நெருங்கியிருந்ததால் ரயில்கள் ஊர்ந்து சென்ற காலம் அது. 1980களின் இறுதியில், கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் தலைமையேற்ற தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பும், மகிளா மிலன் பெண்களும், ஸ்பார்க் நிறுவனமும் அக்குடிசைகளை வீடு வீடாகக் கணக்கெடுத்தனர். எண்ணியவர்களில் அங்கேயே வாழ்ந்தவர்களும் இருந்தனர். 2000ஆம் ஆண்டையொட்டி மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதையோரத்தை விட்டுப் பெருமளவில் தாமாகவே பெயர்ந்தமைக்கு அந்தக் கணக்கும் அமைப்பும் அடித்தளமாயின.

எளிய மக்களின் கணக்கு ஒருசார்பானது என்பார் உளர். மோனோரயிலின் கணக்கை எழுதியவர்கள் எளிய மக்கள் அல்லர் என்பதே அதற்கு விடை.

இன்று தாராவி மறுசீரமைப்பின் வாயிலில் நிற்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் எழுந்த தரைத்தளக் குடிசைக்குத் தாராவியிலேயே வீடு. பின்னர் எழுந்ததற்கு வெளியே. தகுதியை ஆண்டு தீர்மானிக்கிறது. பயணம் அக்கணக்கில் இல்லை. மாட்டுங்கா வீடுகளுக்கு நடந்தே வேலைக்குச் செல்லும் பெண், நகரின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டால் எத்தனை வண்டி மாறுவாள்? 2025 மே மாதத்தில் பெஸ்ட் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயானது. நாள்தோறும் அதை யார் தருவார்? சக்கர நாற்காலியில் இருப்பவர் எந்தப் படியில் ஏறுவார்?

இவற்றைக் கேட்பதற்கு ட்ரோன் வேண்டியதில்லை. தாளும் எழுதுகோலும் கேட்கும் செவியும் போதும். ஒவ்வொரு வீட்டின் வேலையிடம், வழித்தடம், காத்திருக்கும் நேரம், கட்டணம், ஏற இயலாத படி ஆகியவற்றைப் பதிந்து, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் தெருவில் ஒட்டி, மக்கள் திருத்திய பின்னரே இடமாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதுவரை எந்த அறிக்கையும் ஆய்வு அன்று. முன்பே எடுத்த முடிவுக்குத் தேடிய சான்றொப்பம்.