காசு கொடுத்து ஏறும் முன் கேளுங்கள்

பிரிட்டனில் வாழும் தமிழ் மக்களுக்கு, பொழுதுபோக்காகச் சிறு விமானம் ஓட்டும் நாங்கள் சிலர் சேர்ந்து விடுக்கும் வேண்டுகோள் இது.

எங்கள் கையில் இருப்பது தனியார் விமானி உரிமம். நண்பர்களை ஏற்றிக்கொண்டு செலவைப் பகிரலாம். அதிலும் எங்கள் பங்கை நாங்கள் போட்டாக வேண்டும். கூலி வாங்கக் கூடாது. ஆனால் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டு காரை வாடகைக்கு விடுகிறார்களே, அதே வேலைதான்.

2019 ஜனவரி 21 இரவு, எமிலியானோ சாலா என்ற 28 வயதுக் கால்பந்து வீரர் பிரான்சின் நாந்த் நகரிலிருந்து கார்டிஃபுக்குப் புறப்பட்டார். அவரை ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தது கார்டிஃப் சிட்டி அணி. ஏறியதோ ஒற்றை எஞ்சின் பைப்பர் மாலிபு. ஓட்டியவரிடம் வணிக உரிமம் இல்லை. இரவில் ஓட்டும் தகுதி இல்லை. அந்த வகை விமானத்துக்கான தகுதியும் முந்தைய நவம்பரிலேயே காலாவதியாகிவிட்டது. கர்ன்சித் தீவுக்கு அருகே விமானம் கடலில் விழுந்தது. சாலாவின் உடல் கிடைத்தது; விமானியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

எஞ்சின் புகை கேபினுக்குள் கசிந்து, சாலாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு 58 சதவீதம் ஏறியிருந்தது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது கசிந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி அதிக விலையில்லை. அந்த விமானத்தில் அது இல்லை. ‘கசிவு யாருக்கும் வரலாமே, உரிமத்துக்கும் அதற்கும் என்ன?’ என்று எங்கள் நண்பர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வணிக விமானச் சேவைக்குச் சான்றிதழ் பெற்ற நிறுவனம் என்றால் பராமரிப்பு, விமானியின் பயிற்சி, மறுதேர்வு எல்லாவற்றையும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கண்காணிக்கும். தகுந்த உரிமமில்லாமல் கூலிக்கு ஓட்டும் கள்ளச் சார்ட்டரில் கேட்க ஆளில்லை. 2018இலேயே சாலாவை ஏற்றிச்சென்ற விமானி வான்வெளி விதிகளை மீறியதாகப் புகார் எழுந்து, இனி அவரை ஓட்டவிட வேண்டாம் என்று விமானத்தின் உரிமையாளர் தரப்பில் சொல்லியிருந்தார்கள். பயண ஏற்பாட்டாளர் கேட்கவில்லை. விபத்துக்குப் பிறகு, வாயைத் திறக்காதீர்கள் என்று தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினார். 2021இல் அவருக்கு 18 மாதச் சிறை. இரண்டு உயிருக்கு அது போதாது என்பதே எங்கள் எண்ணம்.

சாலா தன் பயணத்தைத் தானே ஏற்பாடு செய்யவில்லை; அவருக்காக வேறு ஆட்கள் செய்தார்கள். அதனால் இந்த வேண்டுகோள் ஏறுகிறவர்களுக்கு மட்டுமல்ல. விருந்தினருக்காக, கலைஞருக்காக, முதலாளிக்காகச் சிறு விமானம் பிடித்துக் கொடுப்பவர்களுக்கும்தான். பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள்: விமானியிடம் வணிக உரிமம் இருக்கிறதா? நிறுவனத்திடம் விமானச் சேவைச் சான்றிதழ் இருக்கிறதா? இரண்டையும் கண்ணால் பாருங்கள். ‘யாராவது கேட்டால் நண்பர்கள் என்று சொல்லுங்கள்’ என்றால் அந்த விமானத்தில் ஏறாதீர்கள். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தகவல் கொடுங்கள்.