வெளுத்த பல்லெல்லாம் சுத்தமல்ல!

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குப் பல் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் முதலாம் ஆண்டில் முழுசாக ஒரு செமஸ்டர் என் சொல் போயிருந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஹாஸ்டலில் சேர்ந்த இரண்டாம் நாள் காலை. குழாயடியில் பிரஷும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சீனியர் அண்ணன் ஒருவர் என் வாயைப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, ஊர்ல பல்லே வெளக்குனது கெடையாதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். சிரித்தால் பல் தெரியுமே! வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடிய வாயை வகுப்பிலும் திறக்கவில்லை, செமினாரிலும் திறக்கவில்லை.

என் முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு. நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். எங்கள் ஊரில் என் வயதுப் பையன்கள் பாதிப் பேருக்கு இதே பல்தான். விளக்காததால் வந்த கறை அல்ல இது. போர் தண்ணீரால் வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் 1.5 வரை பரவாயில்லை என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் பக்கத்துப் பாறைகள் அதற்கு மேலே தண்ணீரில் கரைத்துத் தருகின்றன. ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயசில், சுமார் 8 வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் ஒழுங்காகக் கெட்டிப்படாமல் போகிறது. பல் வெளியே வரும்போதே புள்ளியும் கறையுமாக வருகிறது. இதற்குப் பெயர் ஃபுளோரோசிஸ். கறை எனாமலுக்கு உள்ளேயே இருக்கிறது. தேய்த்தால் போகாது.

இது எனக்கு அப்போது தெரியாது. அவமானம் தாங்காமல் தேய் தேய் என்று தேய்த்தேன். "ஏழே நாளில் வெண்மை" என்று போட்டிருந்த பேஸ்ட், கரிப் பொடி, அப்புறம் கடை கடையாக ஏறி வாங்கிய வேறு இரண்டு பொடிகள். மெஸ் பில் கட்ட வைத்திருந்த பணத்தில் கைவைத்தேன். லீவில் ஊருக்குப் போனபோது ஆயா, "செங்கப்பொடி போட்டுத் தேயி கண்ணு, பளபளன்னு ஆயிரும்" என்றது. அதையும் செய்தேன். கறை போகவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது.

கண் திறந்தது மெட்டலர்ஜி வகுப்பில்தான். கடினத் தன்மை பற்றிய பாடம். 1812-ல் ஃபிரெடரிக் மோஸ் என்பவர் வகுத்த அளவுகோலை சார் போர்டில் எழுதினார். கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. பல்லின் எனாமல் ஏறக்குறைய 5. சட்டென்று எனக்கு உறைத்தது! செங்கல்லில் இருப்பது மணல்; மணல் என்பது குவார்ட்ஸ். 5-ஐ 7-ஆல் தேய்த்தால் எது தேயும்? ஒர்க் ஷாப்பில் எமரித் தாளை வைத்து நாம் என்ன செய்கிறோமோ, அதையே நான் என் பல்லுக்குச் செய்துகொண்டிருந்தேன். பல பேஸ்ட்டுகளில் சுண்ணாம்புக் கல்லின் மாவை, அதாவது கால்சியம் கார்பனேட்டைச் சேர்ப்பது, அது எனாமலை விட மிருதுவானது என்பதால்தான். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். வெள்ளையாக்குகிறேன் என்று எனாமலைத் தேய்க்கத் தேய்க்க, உள்ளே இருக்கும் மஞ்சள்தான் வெளியே தெரியும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

இது என் கதை. இதைவிடப் பெரிய பாடம் என் தங்கையிடம் கிடைத்தது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. எங்கள் தெருக் குழாய்க்குக் காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவள் என் தங்கை. அவள் பல் முத்து மாதிரி வெள்ளை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "பாப்பா பல்லப் பாரு, அண்ணன் பல்லப் பாரு" என்பார்கள். அம்மாவுக்கும் பெருமை. வெள்ளையாக இருக்கிற பல்லுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? காலையில் ஒரு தடவை அவசரமாகத் தேய்த்துவிட்டு ஸ்கூலுக்கு ஓடுவாள். ராத்திரி பாலில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு அப்படியே தூங்குவாள்.

போன பொங்கல் லீவில் ஒரு ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைவாய்ப் பல்லில் குழி. அம்மா, "பால் பல்லுதானே, விழுந்து மொளைக்கும்" என்று கிராம்பு வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பால் பல் இல்லம்மா. ஆறு வயசுல வர்ற நிரந்தரப் பல்லு. ரொம்ப அரிச்சுப் போச்சு. எடுத்துத்தான் ஆகணும்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு எண்பது வயது வரை உழைக்க வேண்டிய பல் போய்விட்டது. இனி அங்கே புதுப் பல் முளைக்காது.

அன்று டாக்டரம்மா என் வாயையும் பார்த்தார். "கறை இருக்கு. ஆனா ஒரு சொத்தை கூட இல்லையே, நல்லா வெச்சிருக்கியே!" என்றார். பழுப்புப் பல்காரன் நான், ஒரு பல்லும் கெடவில்லை. முத்துப் பல்காரி அவள், ஒரு பல்லை இழந்துவிட்டாள்!

நான் சொல்ல வந்தது இதுதான். வெண்மை வேறு, சுத்தம் வேறு. நாம் வெண்மைக்குக் காசு கொடுக்கிறோம்; சுத்தத்தை மறந்துவிடுகிறோம். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வெண்மையைத்தான் விற்கிறார். உப்பு, கரி, கிராம்பு, மூலிகை என்று வருஷத்துக்கு ஒரு பெயர். கிருமிகளுக்கு இதெல்லாம் தெரியாது. நாம் தின்ற சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தின் பி.ஹெச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கிறது. பகலில் எச்சில் அதைக் கழுவிச் சரிசெய்கிறது. தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். அதனால்தான் காலையில் விளக்குவதை விட ராத்திரி விளக்குவது முக்கியம். நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர்!

சரி, என்ன வாங்குவது? பேஸ்ட்டில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: ஃபுளோரைடு எத்தனை பி.பி.எம். என்று டியூபில் போட்டிருக்கிறதா? நம் நாட்டில் அதிகபட்சம் 1000 பி.பி.எம்.; அளவைச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். சின்ன டியூபிலும் அது கிடைக்கிறது. விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"உன் பல்லைக் கெடுத்ததே ஃபுளோரைடுதானே, அதையே வாங்கச் சொல்கிறாயே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல் உருவாகும் வயதில் தினமும் வயிற்றுக்குள் போன ஃபுளோரைடுதான் என் பல்லைக் கெடுத்தது. முளைத்த பல்லின் மேலே பட்டுவிட்டு வெளியே துப்பப்படும் ஃபுளோரைடு, அமிலம் அரிக்காமல் பல்லைக் காக்கிறது. மருந்து ஒன்றுதான், போகும் வழி வேறு.

டியூபின் அடியில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஒரு கோடு இருக்குமே, அது மூலிகைக்கும் ரசாயனத்துக்கும் அடையாளம் என்று நம்புகிறவர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். டியூபை எங்கே மடித்து ஒட்டுவது என்று பேக்கிங் மெஷினின் ஒளி சென்சாருக்குக் காட்டும் குறி அது, அவ்வளவுதான். இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்கள் இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்!

பிரஷ் எப்போதும் 'சாஃப்ட்' வாங்குங்கள். நார் விரிந்துவிட்டாலோ, மூன்று மாதம் ஆனாலோ மாற்றுங்கள். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக இரண்டு நிமிஷம். ரம்பம் அறுப்பது போல் குறுக்கே இழுத்தால் பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். தேய்த்து முடித்தால் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

வயதுக்கு வயது கவனம் மாறும். கைக்குழந்தைக்குச் சுத்தமான ஈரத் துணியால் ஈறைத் துடைத்தால் போதும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க வைக்கக் கூடாது. முதல் பல் வந்ததும் பிரஷ் வந்துவிட வேண்டும். மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். எங்கள் மாவட்டம் போலப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில், சின்னக் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்று டாக்டரைக் கேட்டே வாங்குங்கள். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பல் முளைக்கும். அதுதான் என் தங்கை இழந்த பல். வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஏழெட்டு வயது வரை ராத்திரி பெரியவர்களே விளக்கிவிடுவது நல்லது.

நடுத்தர வயதில் ஆபத்து ஈறில். ரத்தம் வருகிறது என்று பிரஷ்ஷை நிறுத்துகிறார்கள்; சரியாக விளக்காததால்தான் பெரும்பாலும் ரத்தமே வருகிறது. காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற பயமும் தப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது.

வயதானவர்கள் பல் செட்டைத் தூங்கும் முன் கழற்றி, சோப்பும் மிருதுவான பிரஷும் போட்டுக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் போட்டால் செட் கோணிக்கொள்ளும். புகையிலை கலந்த பற்பொடிக்கு 1992-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. ஆனாலும் புகையிலையை ஈறில் தேய்த்தால் வலி போகும் என்று நம்பும் ஆயாக்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்மில் சிலர் உதட்டுக்குள் ஒதுக்குவதும் அதே புகையிலைதான். வாய்ப் புற்றுநோய்க்குப் படித்தவன், படிக்காதவன் என்ற பேதமில்லை.

ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் நான் கேலி செய்யவில்லை. நுனியை நன்றாக மென்று நாராக்கி, ஈறைக் குத்தாமல் விளக்கினால் அழுக்குப் போகும். ஆனால் அதில் ஃபுளோரைடு கிடையாது. ராத்திரி பேஸ்ட்டோடு ஒரு தடவை விளக்கிவிட்டால் தாத்தாவும் சரி, டாக்டரும் சரி!

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் ரத்த தான முகாம் நடத்துகிறோம், நல்ல காரியம். அதோடு ஒரு பல் பரிசோதனையும் சேர்க்கலாம். என்.எஸ்.எஸ். முகாமுக்குக் கிராமத்துக்குப் போகும்போது, அங்கே தொடக்கப் பள்ளியில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, 'ஆறு வயசுப் பல்' பற்றித் தாய்மார்களிடம் பேசலாம். செலவு ஒன்றுமில்லை. எங்கம்மாவிடம் யாராவது இரண்டு வருஷம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் போதும்.

கடைசியாக, இந்த வருஷம் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்காக ஒரு வார்த்தை. தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் கறைப் பல்லோடு பிள்ளைகள் வருவார்கள். "பல்லு வெளக்க மாட்டியா?" என்று அவர்களைக் கேட்காதீர்கள். வேறொரு கேள்வி இருக்கிறது. அதை வெள்ளைப் பல் உள்ளவர்கள் உட்பட எல்லோரையும் கேளுங்கள்:

"ராத்திரி வெளக்கினியா?"

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்